மழையில் நாகர்கோவிலுக்குக் கிளம்புகிறீர்களா? அந்தச் சாலையை மாற்றிய சர் சி.பி.யின் கதை

வெள்ளிக்கிழமை சாயங்காலம். கழக்கூட்டத்தில் வேலை முடிந்து, பையை காரில் போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்புகிறீர்கள். நாகர்கோவிலோ, வள்ளியூரோ, திருநெல்வேலியோ. ஐப்பசி மாசம். மதியம் வரை சுள்ளென்று வெயில். நாலு மணிக்கு வானம் கறுத்து, இடி இடித்து, அரை மணி நேரத்தில் சாலை முழுக்கத் தண்ணீர்.

திருவனந்தபுரத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. 2023 அக்டோபர் நடுவில் ஒரே ராத்திரி பெய்த மழையில் தெற்றியாறு கரை தாண்டி, டெக்னோபார்க் பக்கமே வெள்ளக்காடானதை உங்களில் பலர் நேரிலேயே பார்த்திருப்பீர்கள்.

பைபாஸை விட்டுவிட்டு கரமனை, நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியாகப் போகும் பழைய சாலையைப் பிடித்தால், கிட்டத்தட்ட 90 வருஷத்துக்கு முன்னால் ஒரு தமிழர் திவானாக இருந்தபோது மாற்றி அமைக்கப்பட்ட தடத்தில்தான் ஓட்டுகிறீர்கள். அவர் பெயர் சி.பி. ராமசாமி அய்யர். கேரளத்தில் இன்றும் சர் சி.பி. என்றால்தான் தெரியும். சிலர் அந்தப் பெயரை மரியாதையோடு சொல்வார்கள், சிலர் கோபத்தோடு.

மழையில் பாதுகாப்பாக ஓட்டுவதற்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? பார்க்கலாம்.

யார் இந்த சர் சி.பி.?

1879 நவம்பரில் வந்தவாசியில் பிறந்தவர். படிப்பு சென்னையில். மாநிலக் கல்லூரி, பிறகு சட்டக் கல்லூரி. இருபதுகளிலேயே வக்கீல் தொழிலில் இறங்கி, சீக்கிரமே சென்னையின் பெரிய வழக்கறிஞர்களில் ஒருவரானார். ஜே. கிருஷ்ணமூர்த்தி சிறுவனாக இருந்தபோது, அவரைத் தன் பொறுப்பில் வைத்திருந்த அன்னி பெசன்ட் மீது கிருஷ்ணமூர்த்தியின் அப்பா வழக்குப் போட்டார் அல்லவா? அதில் அப்பாவின் வக்கீல் சி.பி.தான். ஆச்சரியம் என்னவென்றால், பிறகு அதே அன்னி பெசன்ட்டோடு சேர்ந்து ஹோம் ரூல் இயக்கத்தில் முன்வரிசையில் நின்றார்.

1920-ல் சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரல். 1923 முதல் 1928 வரை கவர்னரின் நிர்வாகக் குழுவில் சட்ட உறுப்பினர். பைக்காரா நீர்மின் திட்டமும் மேட்டூர் அணைத் திட்டமும் காகிதத்திலிருந்து வேலைக்கு நகர்ந்த காலம் அது. இரண்டிலும் அவர் பங்கு உண்டு. தண்ணீரைச் சரியாகக் கையாண்டால் ஊர் வளரும் என்பதை அவர் அங்கேயே பார்த்துவிட்டார்.

1931 முதல் திருவிதாங்கூரின் இளம் மகாராஜா சித்திரைத் திருநாளுக்குச் சட்ட ஆலோசகர். 1936 அக்டோபர் 8-ல் திவான். அடுத்த மாதமே, நவம்பர் 12-ல், கோவில் நுழைவுப் பிரகடனம் வந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு அரசின் கோவில் கதவுகள் திறந்தன.

தண்ணீர் நடத்திய பாடம்

அவர் பொறுப்பேற்ற நாடு எப்படிப்பட்டது? உங்கள் காருக்கு இருக்கும் அதே பிரச்சினைதான் அந்த நாட்டுக்கும். வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி, ஐப்பசியில் வரும் துலாவர்ஷம். கிழக்கே மலை, மேற்கே கடல், நடுவில் குறுகலான நிலம். மலையில் பெய்வது சில மணி நேரத்தில் கீழே வந்துவிடும்.

1924 ஜூலையில் வந்த வெள்ளத்தை அங்கே இன்னும் 99-ன் வெள்ளம் என்றுதான் சொல்கிறார்கள். கொல்லம் ஆண்டு 1099 என்பதால் அந்தப் பெயர். மூணாறுக்குப் போன பழைய மலைச்சாலையும், அங்கே ஓடிய சின்ன ரயிலும் அந்த வெள்ளத்தோடு போயின. மலைக்கு வேறு பாதையில் சாலை போட வேண்டியதாயிற்று. சி.பி. திவானானபோது அந்த வெள்ளம் நடந்து 12 வருஷம்தான் ஆகியிருந்தது.

ஏன் கான்கிரீட்?

அவர் காலத்தில் திருவனந்தபுரம் - கன்னியாகுமரி சாலைக்கு சிமென்ட் கான்கிரீட் மேற்பரப்பு போடப்பட்டது. அன்றைக்கு இந்தியாவில் இத்தனை நீளத்துக்குக் கான்கிரீட் போடுவது சாதாரண விஷயம் இல்லை. செலவு அதிகம். அப்புறம் ஏன்?

சாலைக்கு முதல் எதிரி வண்டி இல்லை, தண்ணீர். தார்ச் சாலையில் சின்ன விரிசல் விழுந்தால் போதும். நீர் உள்ளே இறங்கி, ஜல்லியையும் தாரையும் பிரித்துவிடும். மேலே கனமான வண்டி ஓடும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் அழுத்தப்பட்டு வேலையை முடித்துவைக்கும். திங்கட்கிழமை இல்லாத குழி வெள்ளிக்கிழமை இருப்பது இப்படித்தான். கான்கிரீட் பலகையை நீர் அவ்வளவு சுலபமாக அரிக்காது. வண்டியின் எடையையும் அது பரவலாகத் தாங்கும். செலவு முதலில் அதிகம், பிறகு குறைவு.

இன்று அந்தத் தடத்தில் நீங்கள் ஓட்டுவது பெரும்பாலும் தார்ப் பரப்பில். அதனால் இரண்டு விஷயத்தை மனதில் வையுங்கள்.

ஒன்று, தண்ணீர் தேங்கிய இடத்தில் குழி கண்ணுக்குத் தெரியாது. சாலைகள் பொதுவாக நடுவில் கொஞ்சம் உயர்ந்து, ஓரத்துக்குச் சரியும். ஆழம் ஓரத்தில்தான். கால்வாயின் மூடி திறந்து கிடப்பதும் அங்கேதான். எதிரே வண்டி இல்லாதபோது, வேகம் குறைத்து, உங்கள் பக்கத்திலேயே நடுவை ஒட்டிப் போங்கள்.

இரண்டு, நாள் கணக்கில் மழை இல்லாமல் இருந்து பெய்யும் முதல் கால் மணி நேரம். தூசியும் எண்ணெயும் தண்ணீரோடு கலந்து சாலை சோப்புப் போட்ட தரை மாதிரி ஆகிவிடும். பெருமழையை விட அந்தத் தூறல் பல நேரம் மோசம். கான்கிரீட்டுக்கும் இது பொருந்தும். தேய்ந்து வழுவழுப்பான கான்கிரீட் மழையில் நன்றாகவே வழுக்கும்.

பஸ், டிரைவர், டைம்டேபிள்

நல்ல சாலை போட்டால் மட்டும் போதாது, அதில் ஓடும் வண்டியும் ஓட்டுபவரும் சரியாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அதுவரை தனியார் பஸ்கள்தான். நேரம் கிடையாது, ஆள் ஏற்றக் கணக்கு கிடையாது.

1937 செப்டம்பரில், லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் வேலை பார்த்த இ.ஜி. சால்டர் என்பவரைத் திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்துத் துறைக்குக் கண்காணிப்பாளராகக் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்திலிருந்து பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்திய 60 சேஸிகள் வந்தன. பாடி கட்டும் வேலை சால்டரின் மேற்பார்வையில் இங்கேயே நடந்தது. நடத்துநர் வேலைக்கும் ஆய்வாளர் வேலைக்கும் பட்டதாரிகளை எடுத்தார்கள்.

1938 பிப்ரவரி 20. மகாராஜாவும் குடும்பத்தாரும் முதல் பயணிகள். முதல் பஸ்ஸை ஓட்டியவர் சால்டரே. கவடியார் வரை ஊர்வலமாகப் பஸ்கள் போக, சாலையோரம் ஊரே திரண்டது. குறைந்தபட்சக் கட்டணம் மைலுக்கு அரைச் சக்கரம். அரசு முதலில் கையில் எடுத்த வழித்தடங்களில் ஒன்று உங்கள் திருவனந்தபுரம் - நாகர்கோவில் தடம். இன்று நீங்கள் பார்க்கும் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸின் பூர்வீகம் இதுதான். கழகமாக அது மாறியது 1965-ல்.

சாலை, வண்டி, ஆள், நேரம் நான்கையும் ஒரே திட்டமாகப் பார்த்தார் என்பதுதான் இதில் முக்கியம். உங்கள் காருக்கும் இதே நான்கு கேள்விதான். போகிற சாலை எது? டயரும் பிரேக்கும் வைப்பரும் எப்படி இருக்கின்றன? நான் களைத்திருக்கிறேனா? இப்போதே கிளம்ப வேண்டுமா, இரண்டு மணி நேரம் கழித்துப் போகலாமா?

டயரை மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். அதில் இருக்கும் பள்ளங்கள் அழகுக்கு இல்லை. சாலைக்கும் ரப்பருக்கும் நடுவில் வரும் தண்ணீரை வெளியே தள்ளத்தான். இந்தியாவில் காருக்குச் சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். மழைக்காலத்துக்கு அது போதவே போதாது. 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றிவிடுவது நல்லது.

பள்ளம் தேய்ந்து, வேகமும் அதிகமாக இருந்தால், தண்ணீரைத் தள்ள டயருக்கு நேரம் கிடைக்காது. கார் நீர்ப்படலத்தின் மேல் மிதக்கும். ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிட்டால் அதுதான் அறிகுறி. பதறி பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். டயர் திரும்ப சாலையைப் பிடிக்கும்.

முன்னால் போகும் வண்டிக்கு வழக்கமாக 2 விநாடி இடைவெளி விடுவீர்கள் என்றால், மழையில் 4 விநாடி விடுங்கள். லோ பீம் போடுங்கள். ஓடும்போது நாலு இண்டிகேட்டரையும் எரியவிடும் பழக்கம் வேண்டாம். நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போய்விடும். கண்ணாடி உள்ளே பனித்தால் ஏ.சி.யைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள்.

ஊருக்குப் போகாத வாரம் பொன்முடி போகிறீர்களா? 22 கொண்டை ஊசி வளைவு, மேலே மூடுபனி. அங்கேயும் ஹை பீம் ஆகாது. பனியில் பட்டு வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். இறங்கும்போது பிரேக்கிலேயே தொங்காமல் சின்ன கியரில் இறங்குங்கள்.

கதையின் மறுபக்கம்

இதுவரை படித்ததை வைத்து சி.பி.யை ஹீரோ என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அவர் காலத்தில் வந்தவற்றின் பட்டியல் பெரியது. 1937-ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம், 1939-ல் திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரி, 1940-ல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம், 1943-ல் ஃபாக்ட் உரத் தொழிற்சாலை நிறுவனம். ஆனால் எல்லாமே மேலிருந்து வந்த உத்தரவு. கீழிருந்து வந்த குரலை அவர் சகித்துக்கொள்ளவில்லை.

அரசு பஸ் ஓடத் தொடங்கிய அதே 1938-ல்தான் பொறுப்பாட்சி கேட்டு திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் உருவானது. கைது, தடை, தடியடி என்று அரசு பதில் சொன்னது. அந்த ஆகஸ்ட் கடைசியில் நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நடந்து போராட்டக்காரர்கள் உயிரிழந்தார்கள். ஆமாம், நீங்கள் மழையில் கடந்துபோகும் அதே நெய்யாற்றின்கரை. அதே சாலை, அதே வருஷம்.

1946 அக்டோபரில் ஆலப்புழை பக்கம் புன்னப்பிரா, வயலாரில் தொழிலாளர்கள் எழுந்தபோது ராணுவம் இறங்கியது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் இன்றும் ஒருமித்த கணக்கு இல்லை. கேரளத்தில் அவர் பெயரைக் கேட்டால் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது கான்கிரீட் சாலை இல்லை, வயலார்தான்.

திரும்ப மறுத்த 1947

1947 ஜூன் 11. பிரிட்டிஷார் போனதும் திருவிதாங்கூர் தனிநாடாக இருக்கும் என்று சி.பி. அறிவித்தார். காங்கிரஸ் எதிர்த்தது, கம்யூனிஸ்ட்கள் எதிர்த்தார்கள், சொந்த மக்களிலேயே பெரும்பகுதி எதிர்த்தது. டெல்லி எச்சரித்தது. அவர் நகரவில்லை.

ஜூலை 25 ராத்திரி, திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் சங்கீத அகாடமியில் கச்சேரி. வெளியே வரும்போது கே.சி.எஸ். மணி என்ற இளைஞர் அவரை வெட்டினார். காயங்களோடு உயிர் தப்பினார். சில நாட்களில் மகாராஜா இந்தியாவோடு இணைய ஒப்புக்கொண்டார். ஆகஸ்ட் 19-ல் சி.பி. பதவி விலகி ஊரை விட்டே போனார்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் துணைவேந்தராக இருந்தார். 1960-களின் தொடக்கத்தில் தேசிய ஒருமைப்பாடு குறித்த குழுவுக்குத் தலைவர். அந்தக் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, பிரிவினைப் பேச்சைக் கட்டுப்படுத்தும் 16-வது அரசியல் சட்டத் திருத்தம் 1963-ல் வந்தது. ஒரு காலத்தில் தனிநாடு அறிவித்தவர் தலைமையில்! 1966 செப்டம்பர் 26-ல் லண்டனில், 86 வயதில் காலமானார்.

சாலை இரண்டு மாநிலத்துக்குப் பிரிந்தது

1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. ஒரே துறை கவனித்த சாலைக்குக் களியக்காவிளையில் எல்லை வந்தது. மழைக்கு அந்த எல்லை தெரியாது. அதனால் கிளம்பும் முன் இரண்டு பக்க எச்சரிக்கையையும் பார்க்க வேண்டியது உங்கள் வேலை.

வானிலை ஆய்வு மையக் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் தாண்டினால் கனமழை. 115.6 முதல் மிகக் கனமழை. 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. பொதுவாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் இந்த அளவுகளை ஒட்டித்தான் வருகின்றன. கூடவே அணைச் செய்தி. அருவிக்கரை அணையில் ஷட்டர் திறந்தால் கரமனை ஆறு உயரும். நெய்யாறு அணை திறந்தால் அமரவிளையில் தெரியும். பேச்சிப்பாறையில் உபரி நீர் விட்டால் குழித்துறையில் தெரியும். மூன்று ஆறுகளையும் உங்கள் பழைய சாலை தாண்டுகிறது.

நகருக்குள்ளே தம்பானூர். ஆமையிழஞ்சான் தோடு அடைபட்டால் ரயில் நிலையம் முன்னால் தண்ணீர் நிற்கும். 2015-ல் ஆபரேஷன் அனந்தா என்று கால்வாய்களைத் தூர் வாரினார்கள். பலன் கிடைத்தது. ஆனால் 2024 ஜூலையில் அதே தோட்டில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். நாம் தூக்கி எறியும் பிளாஸ்டிக்கும் சாலை வெள்ளமும் தனித்தனி விஷயம் இல்லை.

தண்ணீருக்கு முன்னால் நிற்கும்போது

சரி, சாலையில் வெள்ளம். முன்னால் ஒரு கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் கடந்து போகிறது. அது போகுதே, நாமும் போகலாம் என்று தோன்றும். அங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். பஸ்ஸின் உயரம் வேறு, எடை வேறு. அது கிளப்பும் அலை உங்கள் கார் மூக்கில் ஏறும்.

சுமார் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஓடும் நீர் பல கார்களைத் தூக்கிவிடும். 60 சென்டிமீட்டர் இருந்தால் எஸ்.யூ.வி.யையும் இழுத்துப் போகும். மின்சாரக் காரில் எஞ்சின் இல்லை என்ற தைரியமும் வேண்டாம். அதுவும் மிதக்கும். ஆழம் தெரியாவிட்டால் இறங்காதீர்கள். ஓடும் தண்ணீர் என்றால் யோசிக்கவே வேண்டாம், திரும்புங்கள்.

ஆழம் குறைவு, நீர் ஓடவில்லை, அடுத்த கரை தெரிகிறது என்றால் மட்டும் முதல் கியரில், ஒரே சீராக, நடுவில் நிற்காமல் போங்கள். கரையேறியதும் பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாக மிதித்து உலர வையுங்கள். நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரில் ஸ்டார்ட் செய்து வந்த சேதத்துக்கு சாதாரண இன்சூரன்ஸில் பணம் கிடைப்பது கஷ்டம். எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் இருக்கிறதா என்று இன்றைக்கே பாலிசியைப் பாருங்கள்.

கார் தண்ணீரில் இறங்கிவிட்டால் வரிசை இதுதான்: சீட் பெல்ட்டைக் கழற்று, ஜன்னலை இறக்கு, உடனே வெளியேறு. கதவோடு மல்லுக்கட்டி நேரத்தை விடாதீர்கள். உதவிக்கு 112, மாவட்டப் பேரிடர் மையத்துக்கு 1077.

மேப்பை நம்பலாமா? 2023 அக்டோபர் 1 நள்ளிரவு தாண்டி, எர்ணாகுளம் மாவட்டம் கோதுருத்தில், பெருமழையில் ஒரு கார் ஆற்றுக்குள் போனது. இரண்டு இளம் மருத்துவர்கள் இறந்தார்கள். போனில் பார்த்த வழியைப் பின்பற்றி வந்ததாகவே செய்திகள் சொல்லின. சாலை இருக்கிறதா என்பது மேப்புக்குத் தெரியும். இப்போது அதன் மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது தெரியாது.

சி.பி. தன் பஸ்ஸுக்குச் சாலையையும் டிரைவரையும் நேரத்தையும் மேலிருந்து முடிவு செய்து கொடுத்தார். உங்கள் காருக்கு அப்படி முடிவு செய்ய யாரும் இல்லை. முன்னால் தண்ணீர் நிற்கும்போது போவதா திரும்புவதா என்று சொல்ல வேண்டியவர் நீங்கள் மட்டும்தான். அவர் 1947-ல் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை, காயம் பட்ட பிறகே விலகினார்.

நீங்கள் பாலராமபுரத்தில் ஒரு கடையோரம் வண்டியை நிறுத்தி, ஒரு சாயா குடித்து, வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். மழை விட்டதும் கிளம்பலாம். சாப்பாட்டை எடுத்து மூடிவைத்து அம்மா காத்திருப்பார், ஒரு மணி நேரம் தாமதமானால் ஒன்றும் ஆகிவிடாது.